வாய் பார்த்துப் பேசும் வீடு

ஜூன் 3, திங்கள்

நூல் கம்பெனிக்காரர் வருசப் பிறப்புக்குக் கொடுத்த டைரி இது. இத்தனை நாள் பீரோ மேல் கிடந்தது. இன்று எடுத்ததற்குக் காரணம் ஆத்திரம். வாயால் கொட்டினால் சுகந்தி "கம்முனு இருங்க, அக்கம் பக்கம் கேக்குது" என்கிறாள். எழுதினால் யார் தடுக்க முடியும்?

கோயமுத்தூர் போய் வந்தோம். என் மூணு வயசு மகள் தன்விகாவுக்குப் பேச்சுப் பயிற்சி. தனுவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. போன வருசம் காதுக்குள் கருவி வைத்து ஆபரேஷன் செய்தார்கள். வெளியே காது மடலுக்குப் பின்னால் ஒரு மிஷின், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் ஒரு வட்டம். மாட்டினால் கேட்கும், கழற்றினால் கேட்காது. ஆபரேஷன் முடிந்ததும் எல்லாம் முடிந்தது என்று நான் ஊருக்கே ஜிலேபி கொடுத்தேன். இவர்கள் என்னடாவென்றால் இனிமேல்தான் ஆரம்பம் என்கிறார்கள். கேட்கிற சத்தம் இன்னதென்று அவள் மூளைக்குப் பழக்க வேண்டுமாம். பழக்க வேண்டியது அவர்கள் இல்லையாம். நாங்களாம்! அப்புறம் இவர்களுக்கு எதற்குச் சம்பளம்?

பயிற்சி கொடுக்கிற பெண்ணின் பேர் பிரிசில்லா. நாகர்கோவில் பக்கம். என் அக்கா மகள் வயசுதான் இருக்கும். வாய்க்குள்ளேயே பேசுகிறாள். நான் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்த்தான் அவள் சொல்வதை வாங்க வேண்டியிருக்கிறது.

"அப்பா, வீட்டோட ஒட்டித்தானே தறி ஓடுது? அந்தச் சத்தத்துல நீங்க பேசறது பிள்ளைக்குப் போய்ச் சேராது. தினம் கொஞ்ச நேரமாவது தறிய நிறுத்திட்டுப் பேசுங்க. அஞ்சு வயசுக்குள்ள பிடிக்கறதுதான் பேச்சு. இந்தக் காலம் போச்சுன்னா திரும்ப வராது."

தறியை நிறுத்த வேண்டுமாம்! நிறுத்திவிட்டு எதைத் தின்பது, இவள் படம் போட்ட அட்டையையா? கேட்டே விட்டேன். சுகந்தி என் தொடையைக் கிள்ளினாள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அங்கே டாக்டர், நர்ஸ், டோக்கன் கொடுக்கிறவர், இந்தப் பிரிசில்லா, எல்லோருக்கும் நான் "அப்பா". "அப்பா இங்க உக்காருங்க, அப்பா கையெழுத்துப் போடுங்க." கூப்பிட வேண்டியவள் இன்னும் கூப்பிடவில்லை. "அம்மா" வந்துவிட்டது. "பால்", "வா", "தா" வந்துவிட்டது. பக்கத்து வீட்டுச் சேவலைக்கூட "கொக்கோ" என்கிறாள். நான் மட்டும் என்ன பாவம் செய்தேன்?

ஜூன் 5, புதன்

என் மகளுக்கு ஒன்றும் புரிவதில்லை என்கிற மாதிரி அந்தப் பெண் பேசியது மனதுக்குள் அறுத்துக்கொண்டே இருக்கிறது.

எங்கள் தறிக்குடோனில் யாரும் கத்திப் பேசுவதில்லை. பத்துத் தறி ஓடும்போது கத்தினால் தொண்டைதான் போகும். வாயை நன்றாக அசைப்போம், கையைக் காட்டுவோம். நூல் அறுந்தால் இரண்டு விரல். கரண்ட் போகப் போகிறதென்றால் உள்ளங்கையைக் கவிழ்ப்பது. டீ வந்தால் கட்டைவிரல். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிக்குக் குடும்பச் சண்டையே போட்டு முடித்திருக்கிறோம் நானும் சுகந்தியும். ஒரு சத்தம் வெளியே கேட்டிருக்காது.

தனு அதில் கில்லாடி. நான் தறிக்கு நடுவில் நின்று சும்மா உதட்டை அசைத்து "தண்ணி கொண்டா" என்றால் சொம்போடு வருகிறாள். இன்று "உன் சிவப்புச் செருப்பு எங்கே" என்றேன். ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்தாள். இதற்கு மேல் என்ன பயிற்சி வேண்டும்? மத்தியானம் முழுக்க அப்படியே பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பிரிசில்லா வந்து பார்க்கட்டும்.

ஜூன் 9, ஞாயிறு

சுகந்தியின் அண்ணன் கதிர்வேல் வந்திருந்தார். கறிக்குழம்பை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "பொம்பளப் புள்ளைங்க மாப்ள. முடிய இழுத்து அந்த மிஷின மறைச்சு உடுங்க. நாளைக்கு ஒறம்பர சொந்தத்துக்குள்ள ஒரு பேச்சு வரப்படாது பாருங்க" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "ஏனுங் மச்சான், கண்ணு தெரியலீன்னா கண்ணாடி போடறதில்லையா? காது கேக்கலீன்னா மிஷின் போடறதுல என்ன கேவலம்? எவன் பேசறான்னு பேரச் சொல்லுங்க, நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு வர்றேன்" என்றேன். மனுசன் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

அவர் போனதும் சுகந்தி முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு சொன்னாள்.

"முந்தாநேத்து நீங்க வாசல்ல சைக்கிள் தொடச்சுட்டு இருந்தப்ப தனு உங்களக் கூப்பிட்டா. பொறகால நின்னு, அப்பான்னு."

"எப்படி?"

"அப்பான்னுதான். ரெண்டு மூணு தரம்."

"கூப்பிட்டா எனக்குத் தெரியாதா?"

அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகப் பொய் சொல்கிறாள். ஏங்கிப் போய்க் கிடக்கிறான் என்று இரக்கம். எனக்கு யாருடைய இரக்கமும் வேண்டாம்.

ஜூன் 13, வியாழன்

டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டம்மா வாசலுக்கே வந்துவிட்டார். பத்துத் தறிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்கிறவர்களுக்கு எங்கள் வீட்டு டிவி சத்தம்தான் எச்சாகிவிட்டது!

ஜூன் 17, திங்கள்

பிரிசில்லாவுக்குச் சளி. பிள்ளைக்கு ஒட்டிவிடக் கூடாதென்று மாஸ்க் போட்டிருந்தாள். நல்ல எண்ணம்தான், ஆனால் வாயை மூடிக்கொண்டு ஒருத்தி பேசினால் எந்த மனுசனுக்குப் புரியும்? என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். நான் "சரிங்க மேடம்" என்றேன். சுகந்தி குறுக்கே புகுந்து, "எத்தன மணிக்குத் தறி நிறுத்தறீங்கன்னு கேக்கறாங்க" என்றாள். மணி கேட்டால் மணி சொல்ல மாட்டேனா?

அதே மாஸ்க்கோடு மேடம் தனுவைப் பார்த்து என்னவோ சொன்னாள். தனு அலமாரியில் இருந்த பொம்மைகளில் யானையை எடுத்துக் கொடுத்தாள். அப்புறம் பந்தைக் கொடுத்தாள். சுகந்திக்குக் கண்ணெல்லாம் சிரிப்பு. குழந்தைகள் குத்துமதிப்பாக எடுப்பதுதானே, இதில் என்ன இருக்கிறது.

வரும்போது பஸ்ஸில் சுகந்தி என்னையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்னவென்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறாள்.

ஜூன் 20, வியாழன்

இன்று சுகந்தி வெடித்துவிட்டாள். காலையில் சமையல், அப்புறம் தறிக்கு நூல் தார் சுற்றுவது, துணி மடிப்பது, நடுவில் தனுவை உட்கார வைத்துப் பாட்டு, கதை, படம், காக்காய் சத்தம், குக்கர் சத்தம். "எல்லாத்தையும் அம்மா அம்மான்னு எந்தலையிலயே கட்டறாங்க. டாக்டரும் எங்கிட்டயே கேக்கறார். புள்ள நாலு வார்த்த பேசலீன்னா அம்மா சரியாச் சொல்லித் தரல. நீங்க எதுக்கு இருக்கறீங்க, ஜிலேபி குடுக்கவா?"

கோபம் என் மேல் என்றாலும் நியாயம் அவள் பக்கம். ஆஸ்பத்திரியில் ஒருத்தராவது என்னிடம் ஒரு வேலை கொடுத்தார்களா? கையெழுத்துப் போடக் கூப்பிட்டதோடு சரி. அப்பன் என்றால் மஞ்சப்பை தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவன் என்று எழுதி வைத்திருக்கிறார்களா?

காலைச் சோதனையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். தினமும் மிஷினை மாட்டியதும் ஆறு சத்தம் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். நாம் சொல்வதை அவள் திருப்பிச் சொன்னால் மிஷின் ஒழுங்காக வேலை செய்கிறது என்று அர்த்தம். சுகந்தி கொஞ்சம் தயங்கினாள். "உங்களால முடியுமா?" என்றாள். பத்துத் தறி ஓட்டுகிறவனுக்கு ஆறு சத்தம் முடியாதா?

ஜூன் 25, செவ்வாய்

ஆறும் சரி. பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து சொல்லச் சொன்னார்கள். பின்னால் உட்கார்ந்தால் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எதிரில்தான் உட்கார்ந்தேன். சொந்தப் பிள்ளையிடம் முகத்தை மறைத்துக்கொண்டு பேசச் சொல்கிற படிப்பை எங்கே படித்தார்களோ.

ஜூன் 28, வெள்ளி

ஆறும் சரி. சுகந்திக்குக் காலையில் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கிறது. தலை பின்னிப் பூ வைத்திருந்தாள்.

ஜூலை 1, திங்கள்

பேனா முனை தாளைக் கிழிக்கிறது, அவ்வளவு கோபம்.

காலையில் வழக்கம் போல ஆறு சத்தமும் பார்த்தேன். ஆறும் சரி. பஸ்ஸில் தனு தூங்கிவிட்டாள். அங்கே போனதும் பிரிசில்லா பின்னால் நின்று தனுவைக் கூப்பிட்டிருக்கிறாள். தனு திரும்பவில்லை. கை தட்டினாள். திரும்பவில்லை. மிஷினைக் கழற்றி எதையோ வைத்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

பேட்டரி செத்துக் கிடந்ததாம். அதுவும் இன்றைக்கில்லை. இரண்டு நாளாக இருக்கலாம் என்றாள்.

"காலைல இவரு ஆறு சத்தமும் பாத்தாருங்களே! எல்லாம் சரியாச் சொன்னாளே!" என்றாள் சுகந்தி.

"எப்படிப் பாத்தீங்கன்னு ஒருதரம் காட்டுங்க அப்பா" என்றாள் பிரிசில்லா. பேட்டரியை மாற்றாமல் அப்படியே மிஷினை மாட்டிவிட்டாள்.

எனக்கு என்ன பயம்? தனுவுக்கு எதிரில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்து ஆ என்றேன். அவள் ஆ என்றாள். உதட்டைக் குவித்தேன், குவித்தாள். பல்லைக் காட்டினேன், காட்டினாள். ம், ஷ், ஸ், ஒன்றுகூடத் தப்பவில்லை.

"பாத்தீங்களா மேடம்! பேட்டரியே இல்லாம என் மக எல்லாத்தையும் சொல்றா. இதுக்கு மேல என்ன வேணும்?" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்டேன்.

சுகந்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிரிசில்லா என் முகத்துக்கு நேராக வந்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்: "அவ கேக்கல அப்பா. பாத்தா. கடைசி மூணுக்கும் அவகிட்ட இருந்து சத்தமே வரல, வாய மட்டும் அசைச்சா. அது உங்களுக்குத் தெரியல. ஏன்னா நீங்களும் கேக்கல. நீங்களும் பாத்தீங்க."

பிறகு பேட்டரியை மாற்றினாள். என் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி உட்காரச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எழுதாத பையனைத் திருப்பி நிறுத்துவது போல! பொறுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சுவரில் மாம்பழம், பசு, பஸ் எல்லாம் ஒட்டியிருந்தார்கள். பார்த்து முடித்துவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. "ஏனுங் மேடம், எவ்வளவு நேரம் இப்படியே உக்காரட்டும்?" என்று திரும்பினேன். மூன்று பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் அப்பான்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தேன். தனு ஒவ்வொரு தடவையும் திரும்பினா. நீங்க திரும்பல."

"இங்க எல்லாருமே அப்பாதானுங்களே. பேரச் சொல்லிக் கூப்பிட்டாத் தெரியும்."

"பூபதின்னும் கூப்பிட்டேன்."

எழுந்து வெளியே வந்துவிட்டேன். பிள்ளைக்கு வைத்தியம் பார்க்க வந்த இடத்தில் பெற்றவனுக்கு வைத்தியம் பார்க்க இவள் யார்? எனக்கு முப்பத்தெட்டு வயசு. தறியில் ஒரு இழை அறுந்தால் முதுகுப் பக்கத்திலேயே தெரிந்துகொள்கிறவன் நான்.

ஜூலை 4, வியாழன்

நான் போகவில்லை. சுகந்தியும் தனுவும் மட்டும் போனார்கள். காதுப் பரிசோதனைக்குத் தேதி வாங்கி வந்திருக்கிறாள். யாருக்கு என்று கேட்டேன். சீட்டைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள்.

பல்லடம் ரோட்டில் ஒரு வேன்காரன் என் வண்டியை உரசிக்கொண்டு போனான். ஹாரன் அடிக்க வக்கில்லை. நிறுத்தி நாலு கேள்வி கேட்டேன். "அடிச்சுட்டேதான வர்றேன்! காதுல என்ன வெச்சிருக்கற?" என்று அவன் என்னைக் கேட்கிறான். சுற்றி நின்றவர்களும் அவனுக்கே ஆமாம் போட்டார்கள். ஊரே ஒரு கட்சியாகத்தான் இருக்கிறது.

ஜூலை 6, சனி

சுகந்தி என்னிடம் பேசும்போது தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டுத்தான் பேசுகிறாள். யோசித்துப் பார்த்தால் ரொம்ப நாளாகவே அப்படித்தான். பாசம் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

மத்தியானம் கரண்ட் இல்லை. தறி எல்லாம் நின்று கிடந்தது. ஜன்னலோரத் தறியில் பாவு இழைகளைப் பிணைத்துக்கொண்டிருந்தேன். குனிந்த தலை நிமிரவில்லை. கண் வலித்தபோது நிமிர்ந்து பார்த்தால், துணி எடுக்க வருகிற வேன்காரர் நல்லசிவம் வாசலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். தனு அவருக்கு எதிரில். அவள் முகம் நேராக என் பக்கம். அவர் குனிந்து அவளிடம் என்னவோ கேட்டார்.

தனு வாயைத் திறந்தாள். உதடு ஒட்டிப் பிரிந்தது. அப்பா.

என் மகள் அப்பா என்கிறாள்! நூலை அப்படியே விட்டுவிட்டேன். எழுந்து ஓடலாம் என்று பார்த்தால் அவள் இன்னும் முடிக்கவில்லை. கையால் தன் காதைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள்.

"அப்பாக்குக் கேக்காது."

இருபது வருசமாக வாய் பார்த்துப் பேசுகிறவன் நான். அந்த வார்த்தையை என்னால் தப்பாகப் படிக்க முடியாது.

குழாயடியில் இருந்த சுகந்தி வாளியைப் போட்டுவிட்டு ஓடி வந்து தனுவைத் தூக்கிச் சுற்றினாள். கன்னம் கன்னமாக முத்தம் கொடுத்தாள். இரண்டு வார்த்தையைச் சேர்த்து எப்போது சொல்லப் போகிறாள் என்றுதான் அந்தப் பிரிசில்லாவும் இவளும் மாசக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். இன்று சொல்லிவிட்டாள், முழுசாக, தெளிவாக, யாரும் சொல்லிக் கொடுக்காமல். அப்புறம்தான் சுகந்தி ஜன்னலில் என்னைப் பார்த்தாள். முத்தம் பாதியில் நின்றது.

நல்லசிவம் உள்ளே வந்து, "எவ்வளவு நேரங் பூபதி கூப்பிடறது? பாப்பாதான் சொல்லுச்சு" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

யார் மேல் கோபப்படுவது என்று சாயங்காலம் வரைக்கும் தேடிப் பார்த்தேன். ஒருத்தரும் கிடைக்கவில்லை. கோபம் மட்டும் இருக்கிறது.

ஜூலை 15, திங்கள்

போனேன். சத்தம் நுழையாத அறைக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லையே, மிஷின் ரிப்பேரோ என்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அந்தப் பக்கம் சத்தம் அனுப்புகிற பையன் எழுதிக்கொண்டே இருந்தான். அப்போதே தெரிந்துவிட்டது.

பிரிசில்லா என் எதிரில் உட்கார்ந்து, மாஸ்க் இல்லாமல், நிதானமாகச் சொன்னாள். தறிச் சத்தத்தில் வருசக்கணக்காக நின்றால் இது வருமாம். முதலில் போவது மெல்லிய சத்தங்கள். ஸ், ஷ், பொம்பளைக் குரல், குழந்தைக் குரல். போனது திரும்ப வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். தறிக்குள் போகும்போது காதை அடைத்துக்கொள்ள வேண்டும், வெளியே வந்தால் காதில் கருவி மாட்ட வேண்டும்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நூல் கம்பெனிக்காரன் டைரி குடுத்தான், காலண்டர் குடுத்தான், தீபாவளிக்கு சில்வர் தூக்குப்போசி குடுத்தான். காத அடைச்சுக்கோடான்னு ஒருத்தன் சொன்னானா? பதினேழு வயசுல தறிக்குள்ள உட்டவங்க ஒருத்தராச்சும் சொன்னாங்களா? பஞ்சுக்கா எங்க ஊர்ல பஞ்சம்!"

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான் கத்தி ஓய்ந்ததும்தான் பேசினாள்.

"கோபப்படுங்க அப்பா, நியாயந்தான். ஆனா தனுவுக்கு ஒண்ணு சொல்லணும். அவ மே மாசத்துல இருந்தே உங்களக் கூப்பிடறா. அம்மா வந்து எங்கிட்ட சந்தோஷமாச் சொன்னாங்க. இப்ப கூப்பிடறதில்ல. கூப்பிட்டுப் பாத்தா, நீங்க திரும்பல. திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பாத்தா. அம்மான்னா அம்மா வர்றாங்க, கொக்கோன்னா சேவலக் காட்டறாங்க. அப்பான்னா ஒண்ணும் நடக்கல. பதில் வராத வார்த்தைய பிள்ளைங்க விட்டுருவாங்க. நீங்க எங்க போனாலும் இப்ப அவ சட்டையத்தான் இழுக்கறா, பாத்திருக்கீங்களா?"

பார்த்திருக்கிறேன். செல்லம் கொஞ்சுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இந்த டைரியைத்தான் எடுத்தேன். சுகந்தி பொய் சொன்னாள் என்று எழுதியிருக்கிறேனே, அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று பார்த்தேன். கிழிக்கவில்லை. இருக்கட்டும்.

ஜூலை 18, வியாழன்

சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தறியை நிறுத்தினேன். தெருவே வந்து, "கரண்ட் போச்சுங்களா?" என்று கேட்கிறது. "எம் மகளுக்கு நேரம்" என்றேன். என்ன நினைத்தார்களோ, போய்விட்டார்கள்.

ஜூலை 29, திங்கள்

எனக்கும் மிஷின் வந்துவிட்டது. இரண்டு காதுக்கும்.

ஒரு கொடுமை! உலகத்தில் இவ்வளவு சத்தம் இருக்கிறதென்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. என் செருப்பு சரக் சரக் என்கிறது. பாலிதீன் பையைத் தொட்டால் நெருப்புப் பிடித்த மாதிரி சடசடக்கிறது. சுகந்தி கடுகு தாளித்தாள், நான் எழுந்து நின்றுவிட்டேன். இவ்வளவு சத்தத்தை வைத்துக்கொண்டா இந்த ஜனங்கள் சாவகாசமாக நடமாடுகிறார்கள்?

கதிர்வேல் மச்சான் வரப் போவதாக போன். சட்டென்று துண்டை எடுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினேன், காது மறைகிற மாதிரி. சுகந்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"கண்ணு தெரியலீன்னா கண்ணாடி போடறதில்லையான்னு எங்கண்ணனக் கேட்டது யாருங்க?"

"அது புள்ளைக்கு. நான் ஆம்பள."

"அப்ப அந்தத் துண்டத் தனு தலைலயும் கட்டி உடட்டுமா?"

தனு கீழே உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டை அவிழ்த்துவிட்டேன். மச்சான் வந்தார், பார்த்தார், தோசையைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கூப்பிடவில்லை. சட்டையைத்தான் இழுத்தாள்.

பிரிசில்லாவிடம் கேட்டேன். இனிமேல் சட்டையை இழுத்தால் திரும்பக் கூடாதாம். வாயால் கூப்பிட்டால்தான் திரும்ப வேண்டும். ஆனால் கூப்பிட்டுவிட்டால் எந்த வேலையாக இருந்தாலும், எத்தனை தரம் கூப்பிட்டாலும், அத்தனை தரமும் திரும்ப வேண்டும். "ஒரு தடவகூட விடக் கூடாது அப்பா. அவளுக்கு உங்க மேல நம்பிக்க போயிருச்சு. அதை நீங்கதான் சம்பாதிக்கணும்" என்றாள்.

என் மகளுக்கு என் மேல் நம்பிக்கை போய்விட்டதென்று என் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "சரிங்க மேடம்" என்று வந்தது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

இழுத்தாள். நான் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளாகவே போய்விட்டாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. இப்படிப் பேசாமல் போவதற்கு இந்த வயசில் எங்கே பழகினாள்? எங்கே என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சாயங்காலம். தறி நின்றுவிட்டது. வாசல்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மிஷின் இரண்டும் காதில் இருக்கிறது. பின்னால் சட்டை இழுபட்டது.

நான் மரம் மாதிரி நின்றேன். மறுபடி இழுத்தாள். திரும்பவில்லை. லுங்கியைப் பிடித்து இழுத்தாள், கெண்டைக்காலில் ஒரு உதை வைத்தாள். கோபத்தில் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அந்தச் சத்தம்கூடக் கேட்கிறது!

அடுப்படியில் இருந்து சுகந்தி, "போதுங்க, திரும்புங்க. புள்ள அழுகப் போறா" என்றாள்.

"திரும்ப மாட்டேன்" என்றேன். இவள் போய்விட்டால் என்ன செய்வேன்? முந்தாநாள் போன மாதிரி பேசாமல் போய்விட்டால்? சட்டையில் இருந்த பிடி விட்டது.

"அப்பா!"

என்ன கத்து! நான் மெல்லிசாக, கிளிக்குஞ்சு மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டைக் குரல். கொஞ்சம் மூக்கால் வருகிறது. தெருவில் எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பிள்ளையின் குரல் இதுதான் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

திரும்பிவிட்டேன். குனிந்து, "என்ன சாமி? சொல்லு தங்கம், என்ன?" என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டி அவள் முகமே சரியாகத் தெரியவில்லை.

முகம் சிவந்து நின்றாள். பின்னால் அவளுடைய மூணு சக்கர வண்டி. நான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"அப்பா, அக்கட்ட போ!"

சுகந்தி சிரித்துச் சிரித்து அடுப்படிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் நகர்ந்து வழிவிட்டேன். தனு வண்டியைப் படியில் இருந்து இறக்கிக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, தெருவைப் பார்த்து மிதிக்க ஆரம்பித்தாள். கொஞ்ச தூரம் போனதும், தலையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

"அப்பா!"

"என்ன சாமி?" என்றேன்.

ஒன்றுமில்லை போல. மிதித்துக்கொண்டே போனாள்.